கோப்பைத் தண்ணீரும் காலைக் குளிசையும்

"தவக்காலத்தின் நான்காம் வெள்ளி. மாலை சிலுவைப்பாதை. ஏழாம் தலத்தடியில் தம்பி விழுந்தான். குடிவெறி என்றார்கள். வெறி இல்லை. மன்னார் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏற்றினார்கள்."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் வங்காலையில் என்ன நடந்தாலும் எழுதி வைக்கிறேன். காற்று திரும்பிய நாள், கொடியேறிய நாள், யார் பிறந்தார், யார் போனார் என்று பக்கம் நிரம்பிவிடும். அன்றைக்கு நிரப்பக் கை வரவில்லை. விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

தம்பிக்குச் சலரோகம் இருப்பது அவன் குடும்பத்தோடு இந்தியாவில் முகாமில் இருந்த காலத்திலேயே தெரிந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு மன்னாரில் கிளினிக்குக்குப் போய்வந்தான். குளிசையை ஒரு நாளும் தவறவிட்டவன் அல்லன். ஆனாலும் சீனி இறங்கவில்லை. மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்த கிழமை, அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இன்சுலின் ஊசி தொடங்கவேண்டி வரும் என்று கிளினிக் டொக்டர் சொல்லிவிட்டார். தம்பியும் மனைவியும் பஸ்ஸால் இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். அவன் கதிரையில் இருந்தான். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"ஊசி போடப் போயினமாம், அண்ணை."

"போடட்டுமன். ஊரில எத்தனை பேர் போடுகினம்."

"போட்ட ஆளுக்கு என்ன நடந்ததெண்டு பாத்தனீங்கள்தானே."

அவன் சொன்னது கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஒருவரைப் பற்றி. அவருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். காலில் புண் வந்து புரையோடிய பிறகுதான் அவருக்கு ஊசி தொடங்கியது. அது எனக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். ஆனால் ஊரில் அந்தக் கதையைச் சொல்லும்போது ஊசியை முதலிலும் காலைப் பிறகும்தான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அதுவே நடந்த ஒழுங்காகிவிட்டது.

"ஊசி மருந்தைக் குளிருக்க வைக்கவேணுமாம்" என்றாள் தம்பியின் மனைவி. "இவருக்கென்ன, ஐஸ்பெட்டிக்குள்ள நண்டோட வைக்கலாம். நண்டுக்கும் சீனி குறையும்."

தம்பியும் சிரித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஊசிக்காரன் தனியக் கடலுக்குப் போகேலாது, அண்ணை."

அதுதான் அவனுடைய பயம். நண்டு வலைக்கு அவன் தனியாகத்தான் போவான். முன்பு கூடப் போனவன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். இன்னொருவனைச் சேர்த்தால் பிடிக்கிற பாடு இரண்டாகப் பிரியும், வீட்டுக்குக் காணாது. ஊசி போடுகிறவன் தனியாகக் கடலுக்குப் போகக்கூடாது என்று எந்த மீனவர் சங்கமும் சொல்லவில்லை. அது அவனே போட்டுக்கொண்ட சட்டம். குளிசை போடும்வரைக்கும் அவன் தொழிலாளி. ஊசி போட்டால் நோயாளி.

சங்கதி பரவியதும் ஊரே வைத்தியம் சொல்லத் தொடங்கியது. முகாமிலிருந்து அண்மையில் வந்த அயல்வீட்டார் லேபல் கிழிந்த பக்கற்றில் ஒரு சூரணம் கொடுத்தார்கள். கனடாவில் இருக்கும் எங்கள் தங்கை கறுவாக் குளிசை அனுப்பினாள். தம்பியின் மனைவி வெந்தயம் ஊறவைத்தாள், பாவற்காய்ச் சாறு பிழிந்தாள். இவற்றை நான் பழிக்கவில்லை. சித்த மருத்துவ நூல்களும் வாசித்திருக்கிறேன், இங்கிலிஷ் மருத்துவப் புத்தகங்களும் வாசித்திருக்கிறேன். இரண்டிலும் நம்பத்தக்கதும் உண்டு, நம்பத் தயங்கவேண்டியதும் உண்டு. எப்படியானாலும் அவை நிலைக்கவில்லை. வெறும் வயிற்றில் சாறு குடித்துவிட்டுப் படகில் போனவன் கடலில் சத்தியெடுத்தான். சூரணம் முடிந்தது. கறுவாக் குளிசை மணமாக இருக்கிறதென்று பிள்ளைகள் போத்தலைத் திறந்து திறந்து மோந்து பார்த்தார்கள்.

நிலைத்தது மரக்கோப்பை.

நண்டு ஏற்ற வரும் லொறியின் சாரதி புத்தளம் பக்கத்துச் சிங்களவர். தம்பியோடு அரைச் சிங்களத்திலும் அரைத் தமிழிலும் கதைப்பார். தன் தாய்க்கும் சீனி வருத்தம் என்றும், அவர் இந்தக் கோப்பையால்தான் தப்பினார் என்றும் சொல்லி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைந்த மரக்கோப்பை. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியும்போது வெறும் தேத்தண்ணி நிறமாக இருக்கும். அதை வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கசப்பில்லை, சற்றே துவர்ப்பு. சிங்களத்தில் கொத்தலஹிம்புட்டு என்றார் சாரதி. தமிழில் அதைப் பொன்குறண்டி என்று சொல்வதாகவும், சுதேச வைத்தியத்தில் சலரோகத்துக்குப் பயன்படுவதாகவும் பின்னர் வாசித்தேன். இந்தக் கோப்பை அந்த மரந்தானா என்பதற்குச் சாரதியின் தாயுடைய சொல்லைத் தவிர வேறு ஆதாரம் எங்களிடம் இல்லை.

விபூதிப் புதனுக்கு முந்திய கிழமை கிளினிக். சீனி இறங்கியிருந்தது. டொக்டர் சந்தோஷப்பட்டு, ஊசியை இப்போதைக்குத் தள்ளிவைப்போம், இதே குளிசை தொடரட்டும் என்றாராம். வழக்கம்போல் கேட்டுமிருக்கிறார்: "வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களோ? நாட்டு மருந்து ஏதும்?"

"இல்லை டொக்டர்" என்றிருக்கிறான் தம்பி. பக்கத்தில் இருந்த மனைவிக்கும் அந்தப் பதிலில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. மருந்தென்றால் பத்தியம் இருக்கும், வேளை இருக்கும், முகம் சுளிக்கக் கசப்பிருக்கும். இது தண்ணீர்.

சீனி எதனால் இறங்கியது என்று யாரும் சரியாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அவன் இராச்சோற்றைக் குறைத்திருந்தான். பயத்தில் சாராயத்தையும் குறைத்திருந்தான். வெந்தயமும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவன் நல்ல பெயரைக் கோப்பைக்கே கொடுத்தான். ஒரு பங்கு மாதாவுக்கு. ஊசி தள்ளிப்போனால் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளைக் கடுமையாகப் பிடிப்பதாக அவன் நேர்ந்திருந்தான். அதை எங்களுக்குச் சொன்னதே கிளினிக்கிலிருந்து வந்த பிறகுதான்.

எங்கள் ஆட்கள் தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பார்கள். காலையில் ஒன்றும் இல்லை, மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடு, இரவில் ஏதாவது சிறிதளவு. தம்பியின் நேர்த்தி அதைவிடக் கடுமை. வெள்ளிக்கிழமைகளில் மாலைச் சிலுவைப்பாதை முடியும்வரை ஒன்றும் உண்பதில்லை. தண்ணீர் குடித்தால் ஒருசந்தி முறியாது. ஆகவே கோப்பைத் தண்ணீர் குடிக்கலாம். குளிசை சாப்பாடு அல்ல. ஆகவே குளிசையும் போடலாம். காலையில் இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு அவன் கடலுக்குப் போனான். குளிசையை விட்டால் டொக்டருக்குச் செய்த துரோகம், சாப்பிட்டால் மாதாவுக்குச் செய்த துரோகம். இரண்டு பேருக்கும் நேர்மையாக நடந்துகொள்வதாகவே அவன் நினைத்தான்.

முதல் வெள்ளிக்கிழமைகளிலேயே பின்னேரத்தில் கை நடுங்கியிருக்கிறது. மனைவி கேட்டதற்கு, "ஒருசந்தியெண்டா நடுங்கும்தானே. நடுங்காட்டி என்ன தவம்?" என்றானாம்.

நான்காம் வெள்ளியன்று வலையில் நண்டு நிறையப் பட்டிருந்தது. வெயில் ஏறும்வரை இழுத்திருக்கிறான். நண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு சிலுவைப்பாதைக்கு வந்தான். எங்கள் ஊரில் சிலுவைப்பாதை ஒழுங்கைகள் வழியாகப் போகும். வீட்டுவாசல்களில் மேசை வைத்து மெழுகுதிரி ஏற்றித் தலங்களாக்கியிருப்பார்கள். மரச்சிலுவையை ஆண்கள் முறை வைத்துத் தூக்குவார்கள். ஆறாம் தலத்தில் தம்பியின் முறை வந்தது. தூக்கிக்கொண்டு சில அடி நடந்தவன் ஒரு பக்கம் சாய்ந்தான். பின்னால் நின்றவர்கள் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்கள்.

செபத்தின் நடுவே அவன் உரத்துக் கேட்டான்: "ஆர் என்ர வலையை எடுத்தது?"

யாரோ சிரித்தார்கள்.

"பாஸ்குவுக்கு முன்னமே போத்தலைத் திறந்திட்டார்போல" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

"விடுங்கோடா. ஆண்டவர் மூண்டு தரந்தான் விழுந்தவர். இவர் எத்தனை தரமெண்டு பாப்பம்."

எங்கள் ஊரில் இந்தப் பேச்சின் கனம் வேறு. விபூதிப் புதனோடு குடியை நிறுத்தி உயிர்ப்பு ஞாயிறுவரை தொடாமல் இருப்பது கடற்கரை ஆண்கள் கோயிலுக்குக் கொடுக்கிற வாக்கு. வருடம் முழுக்கக் குடிக்கிறவனை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தவக்காலத்தில் குடித்தவனை மறக்கமாட்டார்கள். தம்பிக்கு அந்தச் சிரிப்புக் கேட்டது. சிரித்தவனை நோக்கிக் கையை ஓங்கினான். கை சிலுவையில் பட்டது. ஏழாம் தலத்து மேசைக்குப் பக்கத்தில் மணலில் விழுந்தான். ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிறார் என்று வாசிக்கத் தொடங்கிய பாதர் நிறுத்திவிட்டார். தம்பியின் பிள்ளைகளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு இயலவில்லை.

தம்பியின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. "வீட்ட கொண்டுபோய்ப் படுக்க விடுங்கோ, அண்ணை. வெறி முறியட்டும்."

இரண்டு பேர் பிடித்து வர, வீட்டு விறாந்தையில் பாயில் கிடத்தினோம். கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள். அவள் குனிந்து அவனுடைய காதுக்குள் ஏதோ சொன்னாள். ஏச்சாகத்தான் இருக்கவேண்டும். பாதியில் நிறுத்தினாள். அவன் வாய்க்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். சேட்டைத் தொட்டுப் பார்த்தாள். கடலில் இருந்து எழும்பி வந்தவனுடையதுபோல் நனைந்திருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது.

"அண்ணை, இவர் குடிக்கேல்லை."

சீனி இறங்கினால் வேர்க்கும், நடுங்கும், குளறுவார்கள் என்று கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி ஒருமுறை சொன்னது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சீனி கரைத்துக் கொடுத்தாள். குடித்தான். தெளியவில்லை. திரும்பவும் கொடுத்தாள். கொஞ்சம் குடித்தான், மிச்சம் கடைவாயால் வழிந்தது. புரைக்கேறிவிடும் என்று நிறுத்தச் சொன்னேன். சீனி கொடுத்தால் உடனே எழும்புவான் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். அவன் எழும்பாமல் கிடந்தபோது அவள் முதல்முறையாக அழுதாள்.

சந்தியில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டேன். சாரதி இளம் பெடியன். ஏழாம் தலத்தில் அவனும் நின்றிருக்கவேண்டும்.

"வெறிகாரரை ஏத்திறேல்லை, ஐயா. போன கிழமையும் சீற்றைக் கழுவினனான்."

தம்பியின் மனைவி அவனுடைய கையைப் பிடித்து விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "வாயை மணந்து பார் ராசா. மணந்துபோட்டுச் சொல்லு."

அவன் கூச்சத்தோடு குனிந்து மோந்து பார்த்தான். நிமிர்ந்தவன் தம்பியின் கால்பக்கம் போய்ப் பிடித்தான். தள்ளாடிச் சந்தியைத் தாண்டி மன்னார்ப் பாலத்தில் ஏறும்வரை அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்சீற்றில் அவள் மாதாவின் மன்றாட்டு மாலையைத் தொடங்கினாள். நடுவில் மறந்துபோய்த் திரும்பத் தொடக்கத்துக்கே வந்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்ததும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மருந்து உள்ளே போகப்போக அவன் கண்ணில் ஆள் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். "இது எந்த இடம்?" என்றான். பிறகு தன் வெள்ளைச் சேட்டில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தான்.

வாட்டில் இருந்த டொக்டர் இளம் பெண். "என்ன மருந்தெல்லாம் எடுக்கிறவர்?" என்று கேட்டார்.

"கிளினிக் குளிசை மட்டுந்தான் டொக்டர்" என்றாள் தம்பியின் மனைவி.

டொக்டர் எழுதவில்லை. சற்று யோசித்துக் கேள்வியை மாற்றினார். "சரி. இண்டைக்கு விடிய எழும்பினதில இருந்து வாயில என்னென்ன வைச்சவர்? தண்ணியெண்டாலும் சொல்லுங்கோ."

"ஒருசந்தி, டொக்டர். ஒண்டும் சாப்பிடேல்லை. குளிசை போட்டவர். தண்ணி குடிச்சவர்…" அவள் நிறுத்தினாள். "கோப்பைத் தண்ணி."

எந்தக் கோப்பை என்று டொக்டர் கேட்க, முழுக் கதையும் வந்தது. நானும் எனக்குத் தெரிந்த மரப் பெயரைச் சொன்னேன்.

"வீட்டில சீனி கரைச்சுக் குடுத்தனீங்களோ?"

"ஓம். தெளியேல்லை."

"சாப்பிடாமல் அந்தக் குளிசையைப் போட்டதே காணும், இப்பிடி விழுறதுக்கு. அதோட சில மரங்கள் வயித்துக்குள்ள சீனி உடையிறதைத் தாமதமாக்கும். இது அந்த மரமெண்டால் வீட்டுச் சீனி மெதுவாத்தான் ரத்தத்துக்கு ஏறும். குளுக்கோஸ்மாதான் குடுக்கவேணும். ஆனா இது என்ன மரமெண்டு எனக்குத் தெரியாது, ஐயா. பாத்துச் சொல்லவும் ஏலாது."

தம்பி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்: "அப்ப கோப்பையை உடைக்கச் சொல்லுறீங்களோ?"

"உடைக்கச் சொல்லேல்லை. கிளினிக்கில தெரியிறவரைக்கும் நிப்பாட்டுங்கோ. பிறகும் குடிக்கவேணுமெண்டால் எங்களுக்குத் தெரியக் குடியுங்கோ. நீங்கள் குளிசையை வேறயா, தண்ணியை வேறயா, ஒருசந்தியை வேறயா வைச்சிருக்கிறியள். உடம்புக்கு எல்லாம் ஒண்டுதான்." மருந்துத் துண்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "முஸ்லிம் ஆக்கள் நோன்புக்கு முதலே வந்து கேக்கிறவை, குளிசையை எப்பிடி மாத்திப் போடுறதெண்டு. எங்கட ஆக்கள்தான் ஒருசந்திக்குக் கேக்கிறேல்லை."

நான் பல இடங்களில் வாசித்த எச்சரிக்கைகளைவிட இந்தப் பேச்சு எனக்கு விளங்கியது. கிளினிக் டொக்டர் கேட்ட கேள்வியிலும் பிழை இல்லை. அந்தக் கேள்வியில் 'மருந்து' என்ற சொல் இருந்தது, அவ்வளவுதான்.

டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு விஷயம் சொன்னார்கள். குளிசையின் அளவைக் குறைத்திருக்கிறது. சீனி எப்படிப் போகிறதென்று தெரியும்வரை தனியாகக் கடலுக்குப் போகக்கூடாது.

முதலாவது விஷயத்துக்குத் தம்பி தலையாட்டினான்.

ஊரில் கதை அவ்வளவு இலகுவாகத் திரும்பவில்லை. தம்பி குடிக்கவில்லை என்பதைக் கோயிலில் சொல்லவேண்டும் என்று அவனுடைய மனைவி பாதரிடம் போனாள். பாதர் நல்லவர். ஞாயிறு பிரசங்கத்தில், நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமையில்லை என்று ஒவ்வொரு வருடமும் வாசிப்பதை மீண்டும் அழுத்தி வாசித்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் தம்பி என்னிடம், "நான் நோயாளியில்லையெண்டு நேர்ந்தன். பாதர் ஊருக்கே நோயாளியெண்டு வாசிச்சிட்டார்" என்றான். சிரித்தவர்களில் ஒருவன் வீட்டுக்கு வந்து சுகம் விசாரித்தான். இன்னொருவன், டொக்டரைப் பிடித்து நோயென்று எழுதுவித்துவிட்டார்கள் என்று சொல்லித் திரிந்தான். சந்தியில் எங்கள் சாட்சி அந்த ஓட்டோப் பெடியன் மட்டுந்தான். "நான் மணந்து பாத்தனான்" என்று அவன் சொல்கிறபோதும் ஆட்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு நடந்த கிளினிக்குக்கு இந்தமுறை நானும் போனேன். தம்பியின் மனைவி கோப்பையைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கிளினிக் டொக்டர் உருட்டிப் பார்த்து, சுதேச வைத்தியர் ஒருவரிடம் காட்டச் சொன்னார். காட்டினோம். நிறத்தைப் பார்த்தால் இருக்கலாம், மரமாக நின்றால் சொல்லலாம், கடைந்த பிறகு சத்தியம் செய்யமுடியாது என்றார் அவர். சீனி மறுபடி ஏறியிருந்தது. அடுத்த முறை ஊசியைப் பற்றி முடிவெடுப்போம் என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி பாலம் முடியும்வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இப்போது அவன் மறுபடி நண்டு வலைக்குப் போகிறான். போகாமல் இருந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆகவே போகாதே என்று சொல்லவில்லை.

"ஆரோட போறாய்?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டேன்.

"ஆள் ஒண்டு வருது."

"ஆர்?"

"தெற்குத் தெருவில ஒருத்தன். உங்களுக்குத் தெரியாது, அண்ணை."

தெற்குத் தெருவில் எனக்குத் தெரியாத ஒருவர் இருப்பது அரிது. அவனுக்கும் அது தெரியும். மனைவியிடம் கேட்டேன். கூட ஆள் போகிறதாம் என்றாள். பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, இவர்தான் சொன்னவர் என்றாள். குளுக்கோஸ்மா பக்கற்றைப் பையில் வைத்துக் கட்டிவிடுகிறாளாம். அது திரும்பி வரும்போது உடைக்காமலேயே வருகிறதாம். அதை நல்ல அடையாளமாக எடுப்பதா என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

படகு விடியுமுன் தள்ளப்படுகிறது. கரைக்குப் போய் நின்று பார்க்க எனக்கு இயலும். ஆனால் வேவு பார்க்க வந்ததாக அவன் நினைத்தால், ஊர் முழுவதும் ஒருமுறை பார்த்த பிறகு இப்போது அண்ணனும் பார்க்கிறான் என்று ஆகிவிடும். அதனால் போகவில்லை. இன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: சோழகக் காற்று பலமாக அடிக்கிறது. தம்பி கடலுக்குப் போயிருக்கிறான். இரண்டு பேராகப் போனதாக அவன் சொல்கிறான். நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.